எண்ணி முடித்த மறுநாள்

ஒரு நாட்டு மக்களை நோக்கி, 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் இரண்டு சொற்களுள் ஒன்றைச் சொல்லுக என்று கேட்பது எளிது. அச்சொற்களை எண்ணிக் கூட்டுவதும் எளிது. நூற்றுக்கு எண்பது பேர் ஒரு பக்கம் நின்றுவிட்டால், மறுநாட் பொழுது வழக்கம்போல் விடிந்துவிடும். ஐம்பத்திரண்டு பேர் ஒரு பக்கமும் நாற்பத்தெட்டுப் பேர் மறுபக்கமும் நின்றால், அந்த நாடு என்ன செய்வது? "மக்கள் தீர்ப்பு அளித்துவிட்டனர்" என்பர் வென்றவர். "பாதி நாடு எங்களோடு நிற்கிறது" என்பர் தோற்றவர். இருவர் கூற்றும் உண்மையே. இரண்டு உண்மைகள் ஒன்றையொன்று வழிமறித்து நிற்கும்போது ஆட்சி நடவாது, சட்டம் நிறைவேறாது, அண்டை வீட்டாரும் முகங்கொடுத்துப் பேசார். இந்த முட்டுக்கட்டையை எவ்வாறு அகற்றுவது என்பதே இத்திங்கள் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இஃது அரசியல்வாதிகளின் கவலை அன்றோ, நமக்கென்ன என்று நேயர்கள் எண்ண வேண்டா. நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு உற்றார் உறவினர் இல்லாத நாடு அரிது. இலண்டனிலும் மாண்ட்ரியாலிலும் டென்மார்க்கிலும் வாழும் தமிழர், நூலிழை வேறுபாட்டில் முடிந்த பொது வாக்கெடுப்புகளைக் கண்ணெதிரே கண்டவர்கள். நம் பிள்ளைகள் நாளை அத்தகைய வாக்குச்சீட்டைக் கையில் வாங்கப்போகிறவர்கள். சீட்டில் குறியிடக் கற்பிப்பது போலவே, எண்ணி முடித்த மறுநாள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவர்களுக்கு நாம் கற்பித்தாக வேண்டும்.

முதலில் நம் தாயகத்து வாசலிலிருந்தே தொடங்குவோம். சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரத்துக்குள் இருப்பது குடிபாலா. அப்பக்கத்து ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல சமயங்களில் ஒரே வீட்டில், கலந்து ஒலிக்கும். 1911-ஆம் ஆண்டு வரையில் சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்தது. அவ்வாண்டில் புதிய சித்தூர் மாவட்டம் அமைந்தபோது, தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒரே மாவட்டத்தில் இருந்தனர். எல்லாம் சென்னை மாகாணமாய் இருந்த காலத்தில் அதனால் பெரும் தொல்லை எதுவும் நேரவில்லை.

1952 டிசம்பர் 15 அன்று, தனி ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர் நீத்தார். நான்கு நாட்களில் பிரதமர் நேரு ஆந்திர மாநிலம் அமையும் என்று அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று அம்மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் தங்களுக்கே வேண்டும் என்று தெலுங்கர் பலர் கேட்டனர். வேங்கட மலையே தமிழகத்தின் வட எல்லை என்னும் பழைய மரபைச் சுட்டி, திருப்பதி வரையில் தமிழருக்கே உரியது என்று ம. பொ. சிவஞானமும் அவர் தோழர்களும் போராடினர். திருத்தணியிலும் சித்தூரிலும் மறியலும் சிறையும் வழக்கமாயின. சென்னை நகரம் சென்னை மாநிலத்தோடு நின்றது. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு சென்றது. எல்லையோரத்து ஊர்களின் கேள்வி மட்டும் தீராமல் நின்றது.

அப்பொழுது மாவட்டம் முழுவதற்கும் ஒரு வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். மொத்தக் கணக்கில் எந்தப் பக்கம் வென்றிருப்பினும், மதனப்பள்ளியின் வாக்கு திருத்தணியின் தலைவிதியை எழுதியிருக்கும். அல்லது திருத்தணியின் வாக்கு மதனப்பள்ளியின் தலைவிதியை எழுதியிருக்கும். ஒரு கேள்வி, ஒரு விடை, பல்லாயிரம் மனக்கசப்பு!

நல்லூழாக அவ்வாறு நடைபெறவில்லை. சென்னையில் காமராசரும் ஆந்திரத்தில் சஞ்சீவ ரெட்டியும் முதலமைச்சராய் இருந்த காலத்தில், எச். வி. படாஸ்கர் என்பார் மத்தியஸ்தராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவர் மாவட்டம் யாருடையது என்னும் பெரிய கேள்வியைச் சிறு சிறு கேள்விகளாகப் பிரித்தார். ஊரே அலகு, அவ்வூரில் எம்மொழி பேசுவோர் மிகுதி என்று பார்ப்பது, அவ்வூர் எந்த மாநிலத்து நிலத்தோடு தொடர்ச்சியாய் இருக்கிறது என்று பார்ப்பது. இம்முறையில் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 1959-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியது. சித்தூர் நகரும் குடிபாலாவும் ஆந்திரத்திலேயே நின்றன.

எவரும் கேட்டதனைத்தையும் பெற்றாரில்லை. ஆயினும் முடிவு நிலைத்தது. அதன் காரணத்தை நாம் நன்கு உணர வேண்டும். தீர்ப்பு வருவதற்கு முன்பே, இன்ன விதிப்படி வரும் தீர்ப்பை ஏற்போம் என்று இருதரப்பும் இசைந்திருந்தன. அவ்விசைவு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பெல்காம் சான்று. மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் இடையிலான அவ்வழக்கில் மகாஜன் ஆணையம் 1967-இல் அறிக்கை தந்தது. மகாராஷ்டிரம் அதனை ஏற்க மறுத்தது. 'படாஸ்கர் முறையைக் கையாளுங்கள்' என்று கேட்டு நின்றது. 2004-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. நம் வடவெல்லையில் ஏழே ஆண்டுகளில் முடிந்தது, அங்கே தலைமுறை கடந்தும் இழுக்கிறது.

எல்லைத் தகராறு வேறு, வாக்கெடுப்பு வேறு என்று நேயர் ஒருவர் கேட்கலாம். வாக்கெடுப்பே நடைபெற்ற இந்தியப் பகுதி ஒன்றைக் காண்போம். போர்ச்சுகீசியரிடமிருந்து 1961-இல் மீண்ட கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைப்பதா, மத்திய ஆட்சிப் பகுதியாகவே வைத்திருப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று அம்மக்களிடம் கேட்கப்பட்டது. இணைப்புக்கு மலர்ச் சின்னம். தனித்திருப்பதற்கு இரட்டை இலை. தனித்திருக்க விரும்பியோர் 1,72,191 பேர். இணைய விரும்பியோர் 1,38,170 பேர். வேறுபாடு 34,021 வாக்குகளே.

கோவாவில் இருவகை நன்னடத்தையைக் காண்கிறோம். இணைப்பை வேண்டிய கட்சியின் தலைவரான தயானந்த பந்தோட்கர் முதலமைச்சராய் இருந்தார். ஆட்சிப் பொறுப்பில் அவர் இருக்கையில் வாக்கெடுப்பு நடுநிலையாய் இராது என்று எதிர்த்தரப்பினர் அஞ்சினர். அமைச்சரவை பதவி விலகியது, வாக்கெடுப்பு முடிந்தது, அவர் பக்கம் தோற்றது. இரண்டு திங்கள் கழித்து நடந்த பொதுத் தேர்தலில் அதே மக்கள் அவர் கட்சியையே மீண்டும் ஆட்சியில் அமர்த்தினர்! மகாராஷ்டிரத்தோடு இணைய வேண்டும் என்று வாதாடியவரே, இணையாத கோவாவை 1973-இல் தாம் மறையும் வரையில் ஆண்டார். தோற்ற கொள்கையை வீட்டில் வைத்துவிட்டு, மக்கள் ஒப்படைத்த பணியைச் செய்வது சிறுமை ஆகாது. 1987-இல் கோவா முழு மாநிலமாயிற்று.

இனிக் கடல் கடந்து செல்வோம். 1992 ஜூன் 2 அன்று டென்மார்க் மக்களிடம், ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை ஏற்கலாமா என்று கேட்டனர். நூற்றுக்கு 50.7 பேர் 'வேண்டா' என்றனர், 49.3 பேர் 'வேண்டும்' என்றனர். உடன்படிக்கையோ எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்றால்தான் செல்லும். எனவே ஒரு சிறு நாட்டின் சிறு வேறுபாடு, ஒரு கண்டத்தையே நிறுத்தி வைத்தது.

டேனியர் அப்பொழுது என் செய்தனர்? நாடாளுமன்றத்திலிருந்த எட்டுக் கட்சிகளுள் ஏழு ஒன்றுகூடி அமர்ந்தன. 'வேண்டா' என்று ஊரூராய்ச் சொல்லி வந்த கட்சியும் அவற்றுள் ஒன்று. மக்கள் எதை அஞ்சி மறுத்தனர் என்று ஆராய்ந்து, பொது நாணயம், படை, குடியுரிமை, நீதித்துறை ஆகிய நான்கிலும் தமக்கு விலக்கு வேண்டும் என்று எழுதினர். டிசம்பரில் எடின்பரோ மாநாட்டில் பிற நாடுகள் அதனை ஏற்றன. 1993 மே 18 அன்று, விலக்குகளோடு கூடிய அந்த உடன்பாட்டை மீண்டும் மக்கள் முன் வைத்தபோது, 56.7 விழுக்காட்டினர் ஏற்றனர். அன்றிரவு கோபன்ஹேகனில் கலவரம் நடந்ததும், காவலர் சுட்டதும் மறைக்கத்தக்கன அல்ல; எல்லோரையும் நிறைவு செய்யும் தீர்வு உலகில் இல்லை. ஆயினும் முட்டுக்கட்டை அகன்றது.

இவ்விரு வாக்கெடுப்புகளுக்கும் இடையே நிகழ்ந்த ஒன்றைத் தமிழராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1993 ஜனவரியில் டென்மார்க் அரசு பதவி விலகியது. ஐரோப்பிய உடன்படிக்கையால் விலகியது என்று எண்ணிவிடாதீர்கள். நம்மவர் வழக்கினால் விலகியது. இலங்கையிலிருந்து அங்கே தஞ்சம் புகுந்த தமிழர், தம் மனைவி மக்களை வரவழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களை நீதித்துறை அமைச்சர் ஒருவர் சட்டத்துக்கு மாறாகத் தேக்கி வைத்தார் என்று விசாரணை அறிக்கை வெளிவந்தது. 'தமிழர் வழக்கு' என்றே அந்நாட்டு வரலாறு அதனைக் குறிக்கிறது. அரசு மாறியும் அந்த ஏழு கட்சி உடன்பாடு கலையவில்லை. புதிய அரசு அதனை அப்படியே எடுத்துச் சென்று மக்கள் முன் வைத்தது. ஒரு தரப்பு மட்டும் செய்த ஏற்பாடாயின், அத்தரப்போடு அதுவும் வீழ்ந்திருக்கும். பலரும் கைபிடித்துத் தூக்கிய தேர் ஆதலால், ஒருவர் கைவிட்டும் நிலை சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான கதை பிரிட்டனுடையது. 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாம் என்று 1 கோடியே 74 இலட்சம் பேரும், விலக வேண்டா என்று 1 கோடியே 61 இலட்சம் பேரும் வாக்களித்தனர். விழுக்காட்டில் சொன்னால் 51.9-க்கு 48.1. 'விலகுக' என்ற சொல்லின் பொருள் யாது என்று எவரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. சுங்க ஒன்றியத்தில் இருந்துகொண்டே விலகுவதா? சந்தையையும் விட்டு விலகுவதா? அயர்லாந்து எல்லையை என் செய்வது? வென்றவரிடையே ஆளுக்கொரு விடை இருந்தது. தோற்றவரை அழைத்துப் பேசும் முயற்சி ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே தொடங்கியது. அதற்குள் மனங்கள் இறுகிவிட்டன. 2019 ஜனவரி 15 அன்று அரசின் உடன்பாடு 432-க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் மீண்டும் இருமுறை தோற்றது. மார்ச் 27 அன்று எட்டு வழிகளை வைத்து உறுப்பினரைக் கேட்டனர், எட்டும் வீழ்ந்தன. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகளை வைத்தனர். நான்கும் வீழ்ந்தன, அவற்றுள் ஒன்று மூன்றே வாக்குகளில். பொதுத் தேர்தல் ஒன்று நடந்த பிறகே, 2020 ஜனவரி 31 அன்று அந்நாடு விலகியது. முட்டுக்கட்டை முறிந்தது மெய். பிளவு ஆறிற்று என்று சொல்வார் அரியர்.

நம் நெஞ்சுக்கு இன்னும் நெருங்கிய, இன்னும் வருந்தத்தக்க சான்று இலங்கை. 1977-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தலின்றி மேலும் ஆறாண்டு நீட்டிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22 அன்று அந்நாட்டு மக்களிடம் கேட்டனர். 'ஆம்' என்பதற்கு விளக்கு. 'இல்லை' என்பதற்குக் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த நேரம் அது. நூற்றுக்கு 54.7 பேர் விளக்குக்கும், 45.3 பேர் குடத்துக்கும் வாக்களித்தனர். யாழ்ப்பாணம் மிகப் பெரும்பான்மையாய்க் குடத்தின் பக்கம் நின்றது. அரசுத் தரப்புக்கோ அவையில் முன்னரே ஆறில் ஐந்து பங்கு இடங்கள் இருந்தன. தேர்தல் நடந்திருந்தால் எதிர்ப்புக் குரல்கள் சில கூடுதலாய் அவைக்குள் வந்திருக்கும். கதவு அடைக்கப்பட்டதால் அவை வெளியிலேயே நின்றன. ஏழு திங்களில் 1983 ஜூலைக் கொடுமை நிகழ்ந்தது. ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தத்தின் உறுதிமொழியை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். பின்னர் நேர்ந்தனவற்றுக்கெல்லாம் அந்த ஒரு வாக்கெடுப்பே காரணம் என்றால் வரலாற்றுக்கு நீதி ஆகாது. ஆனால், பேச வேண்டிய நேரத்தில் பேசுதற்குரிய அவை தமிழர் விடுதலைக் கூட்டணியின் பிரதிநிதிகள் இன்றி இருந்தது என்பதை எவரும் மறுக்க இயலாது. அதன் விலையை நம் இதழைப் படிக்கும் குடும்பங்களுள் பல இன்னும் செலுத்துகின்றன.

குடியேறி வந்தவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 1995 அக்டோபர் 30 அன்று, கனடாவிலிருந்து கியூபெக் பிரிவதா என்ற வாக்கெடுப்பில், 'வேண்டா' என்போர் 50.58 விழுக்காடு பெற்றனர். 54,288 வாக்குகளே வேறுபாடு. அன்றிரவே அம்மாகாண முதல்வர் ஜாக் பாரிசோ, பணமும் வேற்றினத்தார் வாக்கும் தம்மைத் தோற்கடித்தன என்று மேடையில் சொல்லிவிட்டார். மறுநாள் பதவி விலகலையும் அறிவித்தார். இரு பெருங்கூட்டத்தார் சமமாய் நிற்கும்போது, இடையே நிற்கும் சிறு கூட்டத்தாரே தராசைச் சாய்த்ததாகத் தோன்றும்; பழியும் அவர்மேல் விழும். அதே நிகழ்ச்சியிலிருந்து கனடா கற்றுக்கொண்ட பாடம் நல்லது. 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு மாகாணம் தானாகவே பிரிந்து செல்ல உரிமை இல்லை என்றது. அதே தீர்ப்பில், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை விடையளிக்குமாயின் மற்றத் தரப்பினர் பேச்சு நடத்தியே ஆக வேண்டும் என்றும் கூறியது. வெற்றியின் பயன் பேச்சு மேசையில் அமரும் உரிமை. மேசையைக் கவிழ்க்கும் உரிமை அல்ல.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், நாம் சொல்ல வருவது ஒன்றே. நூலிழையில் வந்த முடிவை மறுப்பதும் தவறு. அதனை முழு ஆணையாய்க் கொள்வதும் தவறு. அதனை ஏற்று, அதன் பொருளைத் தோற்றவரோடு அமர்ந்து எழுத வேண்டும். அந்த வேலையை முதலில் தொடங்கும் கடமை வென்றவருடையது. ஏனெனில் கையில் ஆட்சி உள்ளவர் அவர். படாஸ்கர் செய்தது போலப் பெரிய கேள்வியைச் சிறிதாக்கலாம். டேனியர் செய்தது போல அச்சத்துக்குரிய பகுதிகளுக்கு விலக்குத் தரலாம். வழி எதுவாயினும், எதிர்த்தரப்பின் கையெழுத்து அதில் இருத்தல் வேண்டும்.

அப்படி எழுதிய பின்னும் சிலர் கோட்டின் மறுபுறம் தங்கிவிடுவர் என்பதை மறத்தலாகாது. ஊரை அலகாய்க் கொண்டாலும், ஊருக்குள் சிறுபான்மையர் இருப்பர். குடிபாலாவில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு 1960-இன் எல்லை தானாக எதையும் தந்துவிடவில்லை. அரசியலமைப்பில் 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. சித்தூர்ப் பகுதியில் தமிழ் வழிப் பள்ளிகள் நடந்துவந்ததற்கு அத்தகைய பாதுகாப்பே துணை. அது போலவே திருத்தணிப் பக்கத்துத் தெலுங்குக் குழந்தைக்கும் தெலுங்கு கிடைக்க வேண்டும். எல்லை நிலைத்திருப்பது கோட்டினால் மட்டுமன்று. கோட்டுக்கு இருபுறமும் நடக்கும் அந்தப் பள்ளிக்கூடங்களாலும் ஆகும்.

முடிவாக நம் சங்கத்துக்கும் ஒரு சொல். பொதுக்குழுவில் கட்டடம் வாங்குவதா, வாடகையிடமே போதுமா என்பன போன்ற கேள்விகள் எழத்தான் செய்யும். பத்து வாக்கு வேறுபாட்டில் ஒரு தரப்பு வெல்லும். தோற்றவர் அடுத்த பொங்கல் விழாவுக்கு வாராதிருப்பர். ஈராண்டில் புதுச் சங்கம் ஒன்று தோன்றும். புலம்பெயர்ந்த தமிழர் வாழும் ஊர்களில் இது புதுமையன்று. ஆதலால் மூன்று விதிகளை நம் சட்டதிட்டத்தில் சேர்க்குமாறு உறுப்பினரை வேண்டுகிறோம். பெருஞ்செலவுக்குரிய எந்தக் கேள்வியையும், ஒவ்வொரு விடைக்கும் பொருள் இன்னது என்று எழுதி முன்னரே சுற்றுக்கு விடுதல் வேண்டும். எத்தனை பங்கு வாக்கு வேண்டும் என்பதையும் வாக்களிக்கும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். முடிவை நிறைவேற்றும் குழுவில், எதிர்த்து வாக்களித்தோர் இருவரேனும் இடம்பெறுதல் வேண்டும்.

விதி எழுதுவது செயற்குழுவின் வேலை. எண்ணி முடித்த மறுநாள், தோற்ற நண்பர் வீட்டுக்கு வென்றவர் முதலில் சென்று வருவது நம் ஒவ்வொருவரின் வேலை. அதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை.